பள்ளிக்கூடம் தொழிற்சாலைக்காகவா உருவானது?

கேள்வி | தேன்சிட்டு
"ஆலைக்கு ஆள் தயாரிக்கத்தான் பிரஷ்யாவில் (பழைய ஜெர்மானிய அரசு) பள்ளி முறையை உருவாக்கினார்கள். மணி, வரிசை எல்லாம் அங்கிருந்து வந்தவை" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக் கணக்குப்படி இது நிற்குமா?

ஏட்டுச்சுவடி
நிற்காது. பிரஷ்யாவில் 5 முதல் 13 வயதுவரை பள்ளி கட்டாயம் என்று மன்னர் இரண்டாம் பிரெடரிக் ஆணையிட்டது 1763இல். அன்று அது பெரும்பாலும் விவசாய நாடு. மறைநூல் படிக்கத் தெரிந்த, சொல்பேச்சு கேட்கும் குடிகள்தான் அரசுக்குத் தேவை. அந்த ஆணையும் பல கிராமங்களில் காகிதத்தோடு நின்றது: வாத்தியாருக்குக் கூலி போதாது, அறுவடை வந்தால் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள்.

ஆலைகள் முதலில் பெருகிய இங்கிலாந்தில் நடந்தது நேர் எதிர். 1833 ஆலைச் சட்டம்தான் நெசவாலையில் வேலை செய்யும் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரப் படிப்பு வேண்டும் என்றது. முதலாளிகள் பலர் முணுமுணுத்தார்கள். சிலர் பெயருக்கு ஒரு மூலையில் வகுப்பு வைத்தார்கள். நாடு முழுக்கக் கட்டாயம் 1880இல்தான், அதுவும் 10 வயதுவரை. ஆலைக்குப் பள்ளி தேவைப்பட்டிருந்தால் இத்தனை தாமதம் எதற்கு?

கரும்பலகை
ஆனால் ஆலைச் சாயல் முழுக் கட்டுக்கதையும் அல்ல. அது வந்த வழி வேறு: மூத்த மாணவனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதை நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியதைப் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜோசப் லங்காஸ்டர் அங்கேயே பள்ளி தொடங்கினார். ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். மூத்த மாணவன் ஒருவன் சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பான். மணி, வரிசை, கட்டளை எல்லாம் கூட்டத்தைச் சமாளிக்க வந்தவை. காரணம் செலவு.

கோளாறு எங்கே என்றால், சட்டாம்பிள்ளைக்கு அந்தப் பாடத்துக்கு மேல் தெரியாது. பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வான். அதனால்தான் இங்கிலாந்தில் 1846இல் 13 வயதில் சேர்ந்து 5 ஆண்டு பழகும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தது.

ஏட்டுச்சுவடி
ஆமாம், இங்கிலாந்தில் 1862இல் வந்த பள்ளி மானிய விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஆய்வாளர் வைக்கும் தேர்வில் பிள்ளை தேறினால்தான் பள்ளிக்கு முழு மானியம். விளைவு, வாசகப் புத்தகத்தையே மனப்பாடம் செய்து, கண்ணை மூடிக்கொண்டும் ஒப்பித்தார்கள்.

நீலமை
ஒன்றை மறக்க வேண்டாம்: சட்டம் போட்டதும் பள்ளி நிறைந்துவிடாது. ஜப்பான் 1872இல் பொதுப் பள்ளி ஆணை போட்டது. கட்டணமும் கட்டடச் செலவும் ஊர் தலையில் விழுந்தன. 1873இல் சில இடங்களில் விவசாயிகள் பள்ளிகளுக்கே தீ வைத்தார்கள். ஆரம்பப் பள்ளிக் கட்டணம் 1900இல்தான் போனது.

எழுத்தறிவு அளவு எடுக்கும்போதும் கவனம். இங்கிலாந்துக்குத் திருமணப் பதிவேட்டுக் கையொப்பத்தைத்தான் எண்ணுவார்கள். முதலில் வாசிப்பு, பிறகே எழுத்து என்று கற்பித்த காலம் அது. கையொப்பத்துக்குப் பதில் வெறும் குறி போட்டவர் பலருக்கு அச்சு வாசிக்கத் தெரிந்திருக்கலாம்.