சினைக் குதிரைக்கு மாட்டுக் கணக்கு போடாதீங்க

மாடு வளர்த்துக் கைபழகியவர்கள் அந்தியூர் ஆடிச் சந்தையில் பெட்டைக் குதிரை பிடித்தால், சொல்லோடு கணக்கையும் மாட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார்கள். சினை, பருவம், சீம்பால் எல்லாம் அதே சொல்தான். நாள் வேறு. மாட்டுக்கு ஒன்பது மாதம் பத்து நாள். குதிரைக்குச் சுமார் 340 நாள், 320 முதல் 360 வரை சகஜம். 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வருவது இரண்டுக்கும் பொது. பசு கத்திக் காட்டும், ஒரு நாளில் தணிந்துவிடும். குதிரை கத்தாது, 5 முதல் 7 நாள் பருவத்தில் நிற்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பொலிகுதிரையை (சேர்க்கைக்கான ஆண் குதிரை) நிறுத்தினால் வாலைத் தூக்கி, பின்காலை அகட்டி, கொஞ்சங்கொஞ்சமாக மூத்திரம் விடும். கருமுட்டை வெளிவருவது கடைசி ஒன்றிரண்டு நாளில். முதல் நாள் மட்டும் சேர்த்தால் எப்படிச் சினை பிடிக்கும்? மூன்றாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கணும்.

*

இரட்டைக் குட்டியையும் சேர்த்துச் சொல்லணும். ஆட்டில் அது லாபம், குதிரையில் ஆபத்து. கருப்பை முழுக்க ஒரே நஞ்சுக்கொடி பரவினால்தான் ஒரு குட்டிக்கே ஊட்டம் போதும். இரண்டு இருந்தால் பெரும்பாலும் கடைசி மாதங்களில் கலைந்துவிடும். சேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பார்த்தால், மருத்துவர் ஒன்றைக் கையாலேயே நசுக்கி நீக்கிவிடுவார். அதற்குமேல் கரு ஓரிடத்தில் பதிந்துவிடும், வேலை கடினம்.

*

ஈனும் நேரம்தான் மாட்டுக்காரர்களை ஏமாற்றும். காம்பு நுனியில் தேன்நிற மெழுகு கட்டினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான், அதுவும் ராத்திரியில். பனிக்குடம் உடைந்த 20–30 நிமிடத்தில் குட்டி விழணும். மாடு மாதிரி மணிக்கணக்கில் காத்திருந்தால் குட்டி போச்சு. முதலில் வெண்மையான வழவழப்பான சவ்வு தெரியணும். அதற்குள் ஒரு முன்கால் சற்று முந்தி, இன்னொன்று பிந்தி, மேலே மூக்கு. வெல்வெட் துணி மாதிரி சிவப்புப் பை வந்தால் நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, குட்டிக்குக் காற்று இல்லை. மருத்துவர் வரும்வரை நிற்காமல் உடனே கத்தரியால் கிழித்துக் குட்டியை இழுக்கணும்.

*

குட்டி ஒரு மணி நேரத்துக்குள் நிற்கணும், இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கணும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழணும். மாட்டுக்கு 12 மணி நேரம் பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது. விழாவிட்டால் இழுக்காதீங்க, கனம் கட்டாதீங்க. மிதிபடாமல் மேலே முடிச்சுப் போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்க. விழுந்ததும் வழக்கப்படி ஆலமரத்தில் கட்டும் முன் தரையில் விரித்துப் பாருங்க: கால்சட்டை மாதிரி இரண்டு கொம்பும் (கருப்பையின் இரு கிளைகளில் இருந்த பகுதி) நுனிவரை முழுசாக இருக்கணும். கிழிந்து உள்ளே தங்குவது பெரும்பாலும் குட்டி இல்லாத பக்கத்து நுனி. அந்தத் துண்டு அழுகினால் காய்ச்சல் வரும், அடுத்துக் குளம்புக்குள் அழற்சி வந்து தாய் நிற்கவே முடியாமல் போகும்.