புரொஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் கசிவு: கொழும்பில் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) தேவை

68 வயதான என் தந்தைக்குச் சென்னையில் ரோபோ முறையில் புரொஸ்டேட் சுரப்பி முழுமையாக அகற்றப்பட்டது. சிறுநீரை வெளியேற்ற வைத்திருந்த கதீற்றர் குழாயை எடுத்து நான்கு மாதங்களாகியும் சிறுநீர்க் கசிவு நிற்கவில்லை. இரவில் படுக்கை நனைவதில்லை. ஆனால் இருமும்போதும், கதிரையிலிருந்து எழும்போதும், குறிப்பாக மாலையில் களைத்திருக்கும்போதும் கசிவதால், வெள்ளவத்தைக் கடற்கரையில் நடப்பதையே அவர் நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பெரும் வேதனை. பரிசோதனையில் தொற்று இல்லை. தேநீரைக் குறைத்தார். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைத் தினமும் செய்கிறார்; எனினும் சரியான தசையைத்தான் இறுக்குகிறாரா, அல்லது வயிற்றையும் தொடையையும் இறுக்கி மூச்சை அடக்குகிறாரா என்று பார்த்துச் சொல்ல எவருமில்லை. ஓராண்டு வரை முன்னேற்றம் தொடரலாம் என்பதால் மறு சத்திரசிகிச்சையை நாங்கள் இப்போது நாடவில்லை. ஆண்களுக்கு இப்பயிற்சியை, இயலுமானால் தசை இறுகுவதை உடனுக்குடன் காட்டும் பயோஃபீட்பேக் கருவியுடன், நேரில் கற்பிக்கும் இயன்மருத்துவர் கொழும்பில் எங்கே இருக்கிறார்?