ஆச்சி வீட்டுக் குழு: டிரம் அடுப்பும் பணகுடிக் காற்றும்

சனிக்கிழமை

இசக்கிராஜா (மாலை 5:48)
கோயில் கொடைக்கு வந்தவர்கள் யாரும் நாளை மதியம்வரை ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டாம். சாப்பாடு ஆச்சி வீட்டில். கன்னி இன ஆடுகளின் முன்னங்கால் நான்கு எடுத்து வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டிரம்முக்குள் கரித்தணலில், புகையிலேயே மெதுவாக வேகவைக்கப்போகிறேன். காலை நாலரைக்குத் தீ மூட்டினால் பன்னிரண்டரைக்கு இலை போடலாம்.

பேச்சியம்மாள் அத்தை (5:51)
எட்டு மணி நேரமா? குக்கரில் ஆறு விசில் விட்டால் எலும்பு தனியாகக் கழன்று வந்துவிடுமே.

இசக்கிராஜா (5:53)
குடலும் தலைக்கறியும் உங்கள் குக்கருக்குத்தான் அத்தை. அதில் யாரும் தலையிடமாட்டோம்.

பேச்சியம்மாள் அத்தை (5:54)
அப்படியானால் சரி. உன் கறி வேகாவிட்டாலும் பன்னிரண்டரைக்குப் பந்தி நடக்கும்.

செல்வம் அத்தான், தோஹா (6:10)
மாப்பிள்ளை, அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது? உள்பூச்சு போய்விட்டதா?

இசக்கிராஜா (6:13)
சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம் அத்தான். உள்ளே விறகைப் போட்டு எரித்து, பூச்சும் பெயிண்டும் உரிந்தபின் தேய்த்துக் கழுவி எண்ணெய் தடவியிருக்கிறேன். அடியில் மூன்று காற்றுத் துளை, மூடியில் ஒரு புகைத் துளை. கரிக்கூடைக்கு இரண்டடி மேலே கம்பித் தட்டு.

செல்வம் அத்தான், தோஹா (6:15)
கம்பித் தட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் தூக்கி எறி. சாதாரண இரும்பு அல்லது எவர்சில்வர் மட்டும்.

சுடலைமுத்து பெரியப்பா (6:31)
(பெரியப்பா சொல்கிறார், எழுதுவது ஐயப்பன்.) கரி எங்கே வாங்கினாய்?

இசக்கிராஜா (6:32)
இஸ்திரிக் கடை அண்ணாச்சி மூலமாகச் சீமைக்கருவேலக் கரி ஒரு சாக்கு, பெரியப்பா. சிரட்டைக் கரியும் கொஞ்சம் இருக்கிறது.

சுடலைமுத்து பெரியப்பா (6:40)
இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பார். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த கரி. மொத்தென்று கேட்டால் நடுவில் இன்னும் விறகு இருக்கிறது, அதை ஒதுக்கு, கறிக்கு ஆகாது. சாக்கின் அடியில் கிடக்கும் தூளைச் சல்லடையில் சலித்துவிடு. தூள் போனால் துண்டுகளுக்கு இடையில் காற்று போகும். சிரட்டைக் கரி சூடு அதிகம், ஆனால் சில்லுச் சில்லாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து வழியை அடைக்கும். அதை முழுக்கூடைக்கும் போடாதே.

சுடலைமுத்து பெரியப்பா (6:47)
விளாத்திகுளம் பக்கம் நான் கரிமூட்டம் போட்ட காலத்தில் எங்களிடம் தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. விறகை அடுக்கி, இலைதழை மூடி, மேலே மண் பூசித் தீ வைத்தபிறகு வேலை எல்லாம் காற்றைக் காவல் காப்பதுதான். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அந்த இடத்து விறகு கரியாகாது, சாம்பலாகிவிடும். இரவும் பகலும் மண்வெட்டியோடு சுற்றிவந்து வெடிப்பை அடைப்போம். வெள்ளைப் புகை கொட்டினால் மரத்தில் ஈரம் இருக்கிறது. புகை மெலிந்து நீலம் காட்டினால் வெந்துவிட்டது. உன் டிரம்மிலும் அதே வேலைதான். கரியைக் கூட்டிக் குறைத்துச் சூட்டைப் பிடிக்காதே. காற்றைப் பிடி.

செல்வம் அத்தான், தோஹா (6:52)
மாமா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை, கூடையில் ஐந்து கிலோ கரியைப் பற்றவைக்காமலே நிரப்பு. நடுவில் ஒரு குழி. இரண்டு கை அளவு கரியை மட்டும் தகர டின்னில் கனிய வைத்து அந்தக் குழியில் கொட்டு. தணல் நடுவிலிருந்து வெளியே மெல்லப் பரவும், பல மணி நேரம் தாங்கும். மொத்தக் கரியையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தால் அது சுட்ட கறிதான், புகைக் கறி இல்லை.

வள்ளி மைனி (7:05)
மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்க வேண்டாம் தம்பி. சென்ற முறை யாரோ செய்த கோழியில் அந்த வாடை போகவே இல்லை.

இசக்கிராஜா (7:06)
காய்ந்த தென்னம்பாளை எடுத்து வைத்திருக்கிறேன் மைனி. புகைக்குக் கொய்யா விறகு, ஆச்சி வீட்டுப் பின்புறம் சென்ற ஆண்டு வெட்டிய மரம், நன்றாகக் காய்ந்திருக்கிறது.

முருகேசன் சித்தப்பா (7:20)
விறகை ஊறவைக்க வேண்டுமா?

செல்வம் அத்தான், தோஹா (7:22)
வேண்டாம் மாமா. ஊறிய விறகிலிருந்து முதலில் வருவது நீராவிதான், நமக்கு வேண்டிய புகை அதற்குப் பிறகுதான் வரும். தணலின் சூட்டையும் அது தின்றுவிடும்.

பேச்சியம்மாள் அத்தை (7:30)
இதையெல்லாம் பேசுகிறீர்களே, வெளியே காற்று அடிக்கிற அடியில் என் வீட்டுக் கொடிக்கயிறே அறுந்து போயிற்று. ஆடியில் பணகுடியில் வெட்டவெளியில் அடுப்பு வைப்பவன் உன்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

இசக்கிராஜா (7:33)
அதுதான் எனக்கும் கவலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலைக்கு நல்லது, அடுப்புக்கு ஆகாது. மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டலாமா?

சுடலைமுத்து பெரியப்பா (7:36)
ஒரு பொறி போதும், தட்டியோடு தொழுவமும் போய்விடும். கட்டடத்துக்கு இறக்கிய ஹாலோ பிளாக் கல் கிடக்கிறதே, அதை அரைவட்டமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கு. டிரம்மிலிருந்து மூன்றடி தள்ளி.

ஞாயிற்றுக்கிழமை

இசக்கிராஜா (காலை 4:41)
தணல் குழியில் இறங்கிவிட்டது. மூன்று துளையும் திறப்பு. தட்டுக்கு அடியில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர். வெள்ளைப் புகை கொட்டுகிறது, கறியை இன்னும் வைக்கவில்லை.

செல்வம் அத்தான், தோஹா (4:44)
சரி. தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தாயா?

இசக்கிராஜா (4:45)
98 காட்டியது. இரண்டு டிகிரி கூட்டிப் படித்துக்கொள்கிறேன். மூடியில் பதித்த முள் மீட்டரை நம்பவில்லை, கறி இருக்கும் உயரத்திலேயே ஒன்று தொங்கவிட்டிருக்கிறேன்.

செல்வம் அத்தான், தோஹா (4:47)
டிரம்முக்குள் நமக்கு வேண்டிய 115 டிகிரி வரும்வரை காத்திருந்து துளையை மூடாதே. 95 தொட்டதும் ஒன்றை மூடு, 105-இல் அடுத்ததைப் பாதி மூடு. ஏறுகிற சூட்டை வழியில் நிறுத்துவது எளிது, ஏறிவிட்டால் அந்த இரும்பு முழுவதும் ஆறுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

இசக்கிராஜா (5:32)
115-இல் நிற்கிறது. புகை மெலிந்துவிட்டது. கறி உள்ளே போகிறது. நான் வள்ளியூர் சந்தைக்குப் போய் வாழை இலை வாங்கி வருகிறேன். ஐயப்பன் காவல்.

ஐயப்பன் (6:38)
அண்ணா 152!!!

ஐயப்பன் (6:38)
காற்று திடீரென்று திரும்பிவிட்டது. மூடியைத் திறந்து ஆறவிடவா? தண்ணீர் தெளிக்கவா?

செல்வம் அத்தான், தோஹா (6:39)
திறக்காதே. திறந்தால் இன்னும் காற்று கிடைத்துத் தணல் கொழுந்துவிடும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் எழும்பிக் கறியில் படியும். காற்று எந்தத் துளைக்கு நேரே அடிக்கிறது?

ஐயப்பன் (6:40)
தெற்குத் துளை. கல் அடுக்காத பக்கம்.

செல்வம் அத்தான், தோஹா (6:40)
அதை முழுவதும் மூடு. வடக்குத் துளையை மட்டும் ஒரு விரல் அளவு விட்டுவை. மேலே உள்ள புகைத் துளையைத் தொடாதே, அதை அடைத்தால் புகை உள்ளேயே தங்கிக் கறி கசக்கும். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

ஐயப்பன் (6:46)
இன்னும் 145தான்.

சுடலைமுத்து பெரியப்பா (6:47)
(இப்போது எழுதுவது வள்ளி.) உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும்.

ஐயப்பன் (7:01)
121. இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஐயப்பன் (7:19)
இப்போது 98! கரி போடவா?

இசக்கிராஜா (7:20)
வந்துவிட்டேன், கரியில் கை வைக்காதே. கூடையில் பாதிக்கு மேல் இருக்கும். வடக்குத் துளையைப் பாதி திற.

இசக்கிராஜா (7:34)
திறந்தும் ஏறவில்லை. துளைக்கு உள்ளே சாம்பல் மேடு. கம்பியை விட்டுக் கூடையின் அடியை நாலு தட்டுத் தட்டினேன், சாம்பல் உதிர்ந்தது. இப்போது ஏறுகிறது.

சுடலைமுத்து பெரியப்பா (7:37)
நல்லது. சாம்பலும் ஒரு மூடிதான். மெதுவாகத் தட்டு, புழுதி மேலே போகக்கூடாது.

இசக்கிராஜா (7:50)
116. ஐயப்பன் இனி எண்ணைக் கால் மணிக்கு ஒரு முறைதான் பார்ப்பான். 105-க்கும் 125-க்கும் நடுவில் எங்கே ஆடினாலும் குழுவுக்குச் செய்தி வேண்டாம்.

பேச்சியம்மாள் அத்தை (8:22)
சாரல் விழுகிறது. டிரம்மைத் தொழுவத்துக்குள் தள்ளுங்கள்.

வள்ளி மைனி (8:23)
கூடவே கூடாது அத்தை. கரித்தணலில் இருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலைவலி, மயக்கம் என்று மருத்துவமனைக்குக் கொண்டுவருவார்கள். பல நேரம் தணல் வைத்த அறையில் தூங்கினவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். பசுவும் கன்றும் வேறு உள்ளே கட்டியிருக்கிறது, பக்கத்தில் வைக்கோல்.

இசக்கிராஜா (8:26)
சாரல் டிரம்மை ஒன்றும் செய்யாது. மீதிக் கரிச் சாக்கை மட்டும் திண்ணைக்கு ஏற்றிவிட்டேன், நனைந்த கரி பொரியும், வெள்ளைப் புகை விடும்.

ஐயப்பன் (9:36)
கறிக்குள் 68. ஒரு மணி நேரமாக இதே 68. டிரம் 117-இல்தான் இருக்கிறது.

பேச்சியம்மாள் அத்தை (9:38)
நான் குக்கரை எடுத்து வெளியே வைக்கவா?

செல்வம் அத்தான், தோஹா (9:41)
இது வழக்கம்தான் அத்தை. மண்பானை கசிந்து தண்ணீரைக் குளிர்விப்பது மாதிரி, கறியின் மேல்பக்கம் ஈரம் ஆவியாகி உள்ளே வருகிற சூட்டைத் தின்றுவிடும். ஈரம் குறைந்தால் தானாக ஏறும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து எல்லாத் துளையையும் திறந்து கறியைக் காயவைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை, கால்களின் நிறம் எப்படி?

இசக்கிராஜா (9:44)
நல்ல செம்பழுப்பு. கொழுப்பு குறைந்த ஆடு, இதற்கு மேல் விட்டால் மேல்தோல் வறண்டுவிடும். இலையைத் தணலில் வாட்டி, நான்கு காலையும் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறேன். ஆவி வெளியேறாது, சூடு ஏறும்.

முருகேசன் சித்தப்பா (10:12)
ஒரு நாட்டுக்கோழி உரித்துக் கொண்டுவருகிறேன். ஓரமாக இடம் இருக்குமா?

இசக்கிராஜா (10:14)
கொண்டுவாருங்கள் சித்தப்பா. ஆனால் கீழ்க் கம்பியில்தான் இடம். பச்சைக் கோழியின் நீர் வெந்த கறிமேல் சொட்டக்கூடாது. உள்ளே 74 தொடாமல் எடுக்கமாட்டேன், நாட்டுக்கோழி என்பதால் கடிக்கக் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும்.

ஐயப்பன் (10:40)
இப்போது உண்மையிலேயே கரி குறைவு. கூடையில் கால் பங்குதான். வடக்குத் துளை முழுவதும் திறந்தும் 107.

செல்வம் அத்தான், தோஹா (10:42)
அப்படியானால் போடலாம். பச்சைக் கரியை நேரே தணல்மேல் கொட்டாதே, அது பற்றும்வரை டிரம்மும் ஆறும், புகையும் கெடும். டின்னில் தனியாகக் கனியவைத்து, மேலே சாம்பல் பூத்தபின் உள்ளே விடு. மூடி திறந்திருக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள்.

சுடலைமுத்து பெரியப்பா (10:44)
இதற்குச் சிரட்டைக் கரி போடு. சாம்பல் குறைவு, சூடு நின்று தரும்.

இசக்கிராஜா (11:03)
போட்டாயிற்று. 118.

இசக்கிராஜா (11:52)
மூன்று கால் 93. ஒன்று 88, காற்று வருகிற பக்கம் இருந்தது, அதை நடுவுக்கு மாற்றியிருக்கிறேன். 93 வந்ததில் கம்பியைக் குத்தினால் தடையே இல்லாமல் எலும்புவரை இறங்குகிறது. இலையோடு எடுத்துத் துணி சுற்றிப் பெரிய அண்டாவில் வைத்து மூடிவிட்டேன். அரை மணி நேரம் யாரும் பிரிக்கக்கூடாது. ஐயப்பனையும் சேர்த்துத்தான்.

பேச்சியம்மாள் அத்தை (மதியம் 1:48)
எலும்பு கையோடு வந்துவிட்டது. கறி நன்றாகத்தான் இருந்தது. புகை வாடை ஆச்சிக்குப் பிடிக்கவில்லை, இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டுதான் சொன்னார்கள். கோழி மட்டும் என் குக்கருக்கு வந்திருக்கலாம்.

முருகேசன் சித்தப்பா (1:50)
பல் போனவர்கள் சார்பில் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

செல்வம் அத்தான், தோஹா (1:55)
எனக்கு ஒரு காலை அனுப்ப வழியில்லை, படமாவது அனுப்பியிருக்கலாம். மாப்பிள்ளை, துளைகளை மூடினாயா?

இசக்கிராஜா (1:57)
மேலும் கீழும் எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன் அத்தான். தணல் மூச்சடைத்து அணைந்துவிடும், எரியாத சிரட்டைக் கரி அப்படியே மிஞ்சும். அடுத்த முறை கூடையின் அடியில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

பேச்சியம்மாள் அத்தை (2:03)
சாம்பலை எனக்கு எடுத்து வை, பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்க வேண்டும். சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வருகிறேன்.

இசக்கிராஜா (2:04)
சாயங்காலம் வேண்டாம் அத்தை, உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். நாளைக் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு நானே தகர வாளியில் கொண்டுவருகிறேன். அதுவரை ஐயப்பன் அதைக் குப்பைக்குழியில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.