ஷீட் உடைஞ்சு மாமா விழுந்துட்டாரு, காண்ட்ராக்டர் கைய விரிக்கிறாரு

ஓசூர்க்காரன்: குடோன்ல பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாத்த ஏறின மாமா, ஷீட் உடைஞ்சு உள்ள விழுந்து இடுப்பெலும்பு போச்சுங்க, காண்ட்ராக்டர் பத்தாயிரத்த நீட்டிட்டு ‘பாத்து கால் வெக்கணும்ல’ங்கறாரு. இஎஸ்ஐ இல்ல, கேஸ் போடலாமா?

தருமபுரி தம்பி: வெத்து பேப்பர்ல கையெழுத்து போட்டுடாதீங்க. தொழிலாளர் இழப்பீட்டு விதிப்படி வெறும் கவனக்குறைவுன்னு சொல்லி தப்பிக்க முடியாது, ஆஸ்பத்திரி செலவும் அவங்க தலைலதான். 2 வருஷத்துக்குள்ள தொழிலாளர் துறைல மனு குடுங்க.

ஷீட் மேஸ்திரி: பழைய ஷீட் பாக்க கெட்டியா இருக்கும், மிதிச்சா அப்பளம். போல்ட் வரிசைக்கு கீழதான் பர்லின், அதாவது ஷீட்ட தாங்குற சட்டம் ஓடும், அதுக்கு குறுக்க பலகை போட்டுதான் நடக்கணும், வெளிச்சத்துக்கு போட்ட ஃபைபர் ஷீட் தூசி படிஞ்சா வித்தியாசமே தெரியாது. சேஃப்டி பெல்ட் குடுப்பாங்க, மாட்ட கயிறு இருக்காது, அப்புறம் எதுக்கு பெல்ட்டு!

ஓசூர்க்காரன்: பெல்ட்டே குடுக்கலீங்க.

தருமபுரி தம்பி: கூட ஏறினவங்ககிட்ட அத எழுதி வாங்கிடுங்க, கட்டுமான நல வாரிய கார்டு இருந்தா அங்கயும் கேளுங்க.