கம்பஸ் கூட்டங்களில் பெரிய ஆட்களைக் கண்ட கதை இருந்தால் போடுங்கோ

வெள்ளவத்தை வாசி:
எந்தக் கம்பஸ், எந்த அமைச்சர் என்பது வேண்டாம். மோப்ப நாய், தாமதம், குத்துவிளக்கு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கேள்விகளைத் துண்டில் எழுதித் தரச் சொன்னார்கள். வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்திருக்கும் மிச்சக் காணிகள் எப்போது விடுபடும் என்று எழுதினேன். எங்கள் வீடும் அதற்குள்தான் இருந்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் மேடை ஓரத்தில் நின்று துண்டுகளைப் பிரித்தார். என்னுடையதை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெல்லிய வெள்ளைச் சட்டை, நான் எழுதிய பச்சை மை வெளியே தெரிந்தது. அமைச்சரிடம் போன முதல் கேள்வி: "மாணவர் காலத்தில் மறக்க முடியாத பகிடி எது?" மனுசன் அதற்கு விழுந்து விழுந்து பதில் சொன்னார்.

தும்முல்ல அக்கா:
தம்பி, அந்த ஆளை மட்டும் திட்டாதீர்கள். நானும் ஏற்பாட்டுக் குழுவில் நின்றிருக்கிறேன். எங்கள் கூட்டத்துக்கு முதல்நாளே விருந்தினரின் செயலாளர் எடுத்துப் பேசினார், எதைக் கேட்கக் கூடாது என்று. போனைப் பிடித்திருந்த சேருக்கு முகம் வெளுத்துவிட்டது. இனிமேல் இப்படிச் செய்யுங்கள். துண்டையே நம்பாதீர்கள். நடைபாதை ஓரக் கதிரையில் இருங்கள், மைக் அங்கேதான் முதலில் வரும். முன்னுரை, வாழ்த்து, நன்றி ஒன்றும் வேண்டாம், ஒரே வசனத்தில் கேளுங்கள். பதில் வழுக்கினால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க இன்னொரு வரிசையில் ஒரு நண்பரை வையுங்கள். ஆவேசப்படாதீர்கள், ஆவேசப்பட்டால் கைதட்டல் அவருக்குப் போய்விடும். நிருபர்கள் இருக்கும் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், பச்சை மை வேண்டாம்.

கொட்டாஞ்சேனை:
காணிக்காரருக்கு வகுப்பு எடுக்கிறீர்களே அக்கா, சரி.
என்னுடையது சின்னது. பாடசாலை விவாத அணிகளுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. வந்த விரிவுரையாளர் வழக்கமான கதையை எடுத்தார்: பின்னாளில் அமைச்சர்களான இரண்டு பேர், ஒக்ஸ்போர்ட் யூனியன் என்ற மாணவர் விவாதச் சங்கத்துக்கு 1958இல் லலித் அத்துலத்முதலி தலைவர், 1959இல் லக்ஷ்மன் கதிர்காமர், நீங்களும் அப்படி வரலாம். முன்வரிசையில் ஒரு பொடியன் எழும்பி, "சேர், ரெண்டு பேரையும் கொழும்பிலதானே சுட்டவங்கள்?" என்றான். 1993இல் கிருலப்பனையில் ஒருவர், 2005இல் புல்லர்ஸ் லேனில் மற்றவர். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த தலைப்புக்குப் போவம்" என்றார். பொடியனின் அணி அன்று தோற்றது. நான்தான் நடுவர். புள்ளி சரியாகத்தான் போட்டேனா என்று இப்பவும் யோசிப்பேன்.

மருமகன்:
எங்கள் மாமா 1956இல் இங்கே கொழும்புக் கம்பஸில் ஒரு மாணவர் கூட்டத்தில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவின் பேச்சைக் கேட்டவர். "இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு" என்று அங்கேதான் சொன்னாராம். சாகும்வரை மாமா அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய புத்தகக்காரன்:
அது காலிமுகத்திடல் பாராளுமன்றத்தில், சிங்களம் மட்டும் சட்ட விவாதத்தில் பேசியது. மாமா பேப்பரில் படித்திருப்பார். போதாததற்குக் கலைப்பீடம் 1952இலேயே பேராதனைக்குப் போய்விட்டது. பழைய கட்டடங்களைப் பார்த்து எல்லாரும் எல்லாமே கொழும்புக் கம்பஸ் இருக்கும் ரீட் அவென்யூவில் நடந்ததாக நினைக்கிறார்கள். 1921 பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இலங்கைப் பல்கலைக்கழகம், இரண்டையும் ஒன்றாக்கிக் கதைப்பதும் இப்படித்தான்.

மருமகன்:
மாமா மருத்துவ மாணவர் ஐயா. மருத்துவமும் விஞ்ஞானமும் கொழும்பில்தானே இருந்தன? பாராளுமன்றத்தில் சொன்னதை வெளியே ஒரு மேடையில் திரும்பச் சொல்லக் கூடாதா? நான் எழுத வந்ததே வேறு. 1972இல் அதே கொல்வின் அமைச்சராக இருந்து சிங்களத்தை அரசகரும மொழியாக வைத்து அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். அன்று மாமா றேடியோவை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட மாமியிடம், "நான் கையெல்லாம் நோகத் தட்டினனான்" என்றாராம். தேதி பிழை என்றால் திருத்துங்கள், அதை விட்டுவிட்டு அவர் போகவே இல்லை என்று சொல்லாதீர்கள்.