பழைய ஃபிளாப்பிகளைப் படிக்க உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். என் தந்தையார் 1990களில் ஊர் ஊராகச் சென்று தொகுத்த ஒப்பாரிப் பாடல்கள் 3.5 அங்குல, 1.44 எம்பி ஃபிளாப்பிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு லேபிளிலும் ஊர்ப்பெயரைப் பேனாவால் எழுதி, தவறுதலாக அழிந்துவிடக் கூடாதென்று மூலையிலுள்ள சிறு துளையையும் திறந்தே வைத்திருக்கிறார். பாடியவர்களில் பலர் இன்று இல்லை, வேறு பிரதியும் கிடையாது.

யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கும் ஃபிளாப்பி டிரைவில் சில திறக்கின்றன. மற்றவற்றில் உலோக மூடியை நகர்த்தினால், காந்தத் தகட்டின் மீது பூஞ்சை வெண்மையாகப் படர்ந்திருப்பது தெரிகிறது. அப்படியே சுழலவிட்டால் தகடு கீறிப் பதிவு போய்விடும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. தகட்டைச் சுத்தம் செய்து, கிரீஸ்வீசல் (Greaseweazle) போன்ற, ஃபிளாப்பியின் காந்தப் பதிவை அப்படியே படிக்கும் கருவியால் நகலெடுக்கத் தெரிந்தவர்கள் சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். திறந்த கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருப்பதால், அது டிஸ்கியா (TSCII) பாமினியா (இரண்டும் அக்காலத் தமிழ் எழுத்து முறைகள்) என்று கண்டறியும் வழியையும் கூறினால் பேருதவியாக இருக்கும்.