கேமரா சுத்தம் என்றது, ஹெட்போன் இல்லை என்றது

11 கிலோவோல்ட் ஸ்விட்ச்கியர் அறை, அதாவது மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் பேனல்கள் இருக்கும் அறை. தெர்மல் கேமராவில் பேனல்களை வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டோம். எல்லாக் கதவும் ஒரே நிறம். "பிரச்சினை இல்லை, எழுதிவிடலாம்" என்றார் உடன் வந்தவர்.

காற்றுக் கசிவு தேடக் கொண்டுபோன அல்ட்ராசவுண்ட் கருவி பையில் இருந்தது. காதுக்கு எட்டாத ஒலியை ஹெட்போனில் கேட்க வைக்கும் கருவி அது. சரி, வந்ததற்கு ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று 40 கிலோஹெர்ட்ஸில் வைத்து, கதவு இடுக்குகளில் முனையை மெல்ல நகர்த்தினேன். நான்காவது பேனலின் அடியில் ஈர விறகு எரிவது போன்ற சடசடப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், சட்டென்று நிற்கும், மறுபடி தொடங்கும். கதவைத் தொடக்கூட விடவில்லை நான்.

ஷட்டவுன் வாங்கி, எர்த் செய்து திறந்தோம். இரண்டு ஃபேஸ் கேபிள்கள் டெர்மினேஷனுக்கு (கேபிள் இணையும் முனைக்கு) கீழே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. உரசிய இடத்தில் வெள்ளைப் பொடி. அதையொட்டி மரக்கிளை போலப் பிரிந்த கரிக்கோடுகள்.

இரும்புக் கதவுக்குப் பின்னால் இருப்பதைக் கேமரா பார்க்காது, கதவின் சூட்டைத்தான் பார்க்கும். இந்த மாதிரி டிஸ்சார்ஜ், அதாவது இன்சுலேஷனில் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறிந்து கசிவது, ஆரம்பத்தில் பெரிதாகச் சூடும் ஆகாது. சத்தம் மட்டும் இடுக்கு வழியே வெளியே வந்துவிடும். லூஸான போல்ட் இதற்கு நேர்மாறு: நன்றாகச் சுடும், பொறி பறக்கும்வரை சத்தமே இருக்காது. அதனால் இப்போதெல்லாம் மூடிய கதவில் முதலில் காது, பிறகுதான் கேமரா.

—

எனக்கும் இதுபோல மோட்டார் பேரிங்கில் நடந்தது. கேமராவில் ஒரு பக்கம் மட்டும் சூடு. உடனே கிரீஸ் கன்னை எடுத்துவிட்டார்கள். "இருங்கள் அண்ணா" என்று நிறுத்தி, அல்ட்ராசவுண்டில் கேட்டேன். காய்ந்த பேரிங் என்றால் பழைய அளவைவிட 8 டெசிபெல்லாவது கூடியிருக்க வேண்டும். இது பழைய அளவிலேயே அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வடிகால் மூடியைத் திறந்ததும் கிரீஸ் புழுப்போல நெளிந்து வெளியே வந்தது. அதிகமாக அடைத்த கிரீஸைப் பேரிங் கடைந்துகொண்டே இருந்ததால் வந்த சூடு அது. மாலைக்குள் இறங்கிவிட்டது. அன்று இன்னும் இரண்டு அடி அடித்திருந்தால் சீலே போயிருக்கும்.

—

முதல் பதிவு எழுதியவருக்கு: இல்லாத சூட்டையும் கேமரா காட்டும். பளபளப்பான செம்புப் பஸ்பாரில் (மின்சாரம் போகும் உலோகப் பட்டையில்) ஒரு ஹாட் ஸ்பாட் பார்த்தேன். நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. என் உடம்புச் சூட்டின் பிரதிபலிப்பு! அடுத்த ஷட்டவுனில் ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப் ஒரு துண்டு ஒட்டிவைத்தோம். அதன் எமிசிவிட்டி, அதாவது தன் சூட்டைத் தானே உமிழும் திறன், சுமார் 0.95 (உச்சம் 1). இப்போது டேப்பைத்தான் படிக்கிறோம், மூன்று ஃபேஸையும் ஒரே லோடில் ஒப்பிடுகிறோம்.